புழு இல்லாத நத்தைகள்

காலை எட்டு மணிக்கு மேசைமேல் நூறு கண்ணாடி டம்ளர்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் முக்கால் டம்ளர் தண்ணீர், ஒரு நத்தை. முதல் நாள் மாலையே நத்தைகளைப் போட்டு மேலே கறுப்புத் துணியால் மூடிவிட வேண்டும். காலையில் துணியை எடுத்து விளக்கைப் போட்டால், உடம்புக்குள் புழு இருக்கிற நத்தை, வெளிச்சம் பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அதை வெளியே விட்டுவிடும். தூசியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் புள்ளிகள். வாலை உதறி உதறி மேலே ஏறும், ஓய்ந்து இறங்கும், மறுபடி ஏறும். டம்ளருக்குப் பின்னால் கறுப்பு அட்டையைப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அப்படி அட்டையைப் பிடித்து, எந்தெந்த நத்தை புழு விட்டது என்று எண்ணி எழுதுவதுதான் நத்தையம்மாவின் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அதைச் செய்தாள்.

அந்தப் பெயரை வைத்தது நிலையத்தின் டிரைவர். காலையில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். "என்ன நத்தையம்மா, பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சாச்சா?" என்பார். "எந்திரிச்சாச்சு. உங்களை மாதிரி ஒன்பது மணிக்கா எந்திரிப்பாங்க?" என்று அவள் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வாள். அவள் கணவர் தையற்கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம், "எங்க வீட்டம்மா ரொம்ப நல்லவங்க. ராத்திரி என்னை டம்ளர்ல போட்டு மூடி வைக்கல, அவ்வளவுதான்" என்று சொல்லிச் சிரிக்கவைப்பார்.

நீர்ப் பரிசோதனை நிலையம் என்று பெயர். உண்மையில் இரண்டு அறைகளும் ஒரு தகரக் கொட்டகையும்தான். அவள் அங்கே சேர்ந்தது டம்ளர் கழுவ. எண்ணுகிறவர் ஒருவர் தனியாக இருந்தார். அவர் மாற்றலாகிப் போனபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. நத்தைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. சும்மா இருக்க மனம் வராமல், சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து அவளே எண்ணத் தொடங்கினாள். வால் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தால் கவட்டைவால். பிரியாமல் நீண்டிருந்தால் ஒற்றைவால். புத்தகத்தில் வேறு பெயர்கள் இருந்தன. நிலையத்தில் எல்லோரும் இந்தப் பெயர்களைத்தான் சொன்னார்கள்.

புதிதாக வந்த அதிகாரி அவள் நோட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "இதெல்லாம் யார் எண்ணினது?" என்றார். அவள் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, அன்று காலை அவள் எண்ணிய டம்ளர்களில் நாற்பதைத் தாமே திரும்பப் பார்த்தார். ஒன்றே ஒன்றில் வித்தியாசம் வந்தது. அவர் புழு இல்லை என்றார், அவள் இருக்கிறது என்றாள். லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆமாம்மா. அடியில ஒரு ஓரமா இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். அவளை எண்ணுபவளாக நியமிக்கச் சொல்லி மேலிடத்துக்கு மூன்று முறை எழுதினார். மூன்றாவது முறை நியமனம் வந்தது. அதற்குப் பிறகு பதினான்கு வருடங்கள் அவள் எண்ணியதை அவர் ஒருநாளும் திரும்ப எண்ணிப் பார்க்கவில்லை. அதை அவள் பெரிய மரியாதையாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

நிலையத்தைத் தொடங்கியதே அரிப்புக்காகத்தான். மேல் குளத்திலிருந்து கிளம்பும் வாய்க்கால் வயல்களுக்கு நடுவே ஓடிக் கீழ் மதகில் முடிகிறது. வயலில் கால் நனைத்து வேலை செய்கிறவர்களுக்கு முழங்கால்வரை சிவந்து தடித்துவிடும். சொறிந்து சொறிந்து புண்ணாகும். காரணம் கவட்டைவால். தண்ணீரில் விழும் வாத்தின் எச்சத்தில் அதன் முட்டை இருக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு நத்தைக்குள் புகுந்து பெருகும். வாலோடு வெளியே வந்து மறுபடி ஒரு வாத்தைத் தேடும். வாத்து என்று நினைத்து மனிதக் காலில் புகுந்து, வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே செத்துப்போகும். அதுதான் அரிப்பு.

அதனால் நிலையத்தில் ஒரே ஒரு கணக்குதான். நூறு நத்தையில் எத்தனை புழு விடுகிறது? எண் குறைந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். தொடர்ந்து மூன்று சுற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் அந்த இடம் முதல் தரம். அங்கே பச்சைப் பலகை நடலாம். அவள் சேர்ந்தபோது கீழ் மதகில் நூற்றுக்கு இருபத்து மூன்று. பத்து வருடங்களுக்குப் பிறகு பதினொன்று. பிறகு நான்கு. கடைசியில் ஒரு கோடையில் ஒன்றும் இல்லை. அடுத்த சுற்றிலும் இல்லை. மூன்றாவது சுற்றில் அவள் வழக்கமான இரண்டு மணி நேரத்துக்குப் பதில் நான்கு மணி நேரம் விளக்கை எரியவிட்டு, நூறு டம்ளரையும் இரண்டு தடவை பார்த்தாள். எதுவும் நீந்தவில்லை.

பலகை நட்ட அன்று மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வயலில் வேலை செய்யும் பெண்கள் கால்களைக் காட்டிச் சிரித்தார்கள். "கால் பளபளன்னு ஆயிடுச்சு, இனிமே கொலுசு போடணும்" என்று ஒருத்தி சொன்னாள். அதிகாரி எல்லோர் முன்னாலும் நத்தையம்மாவைக் கைகாட்டி, "இவங்க கண்ணுதான் இந்த நிலையம்" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் அந்த வார்த்தையை இரண்டு மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. கீழ் மதகின் நத்தைகள் முன்னைவிடப் பெரிதாக இருந்தன. கல்லெல்லாம் பச்சைப் பாசி, பாசிமேல் நத்தை. கை விட்டால் ஒரே அள்ளில் இருபது வந்தது. மேல் குளத்திலோ நத்தைகள் சின்னதாக, கொஞ்சமாக இருந்தன. நூற்றுக்கு இருபது நத்தைகளில் எப்போதும்போலப் புழு இருந்தது. அங்கே வாத்து அதிகம், அதனால்தான் என்று எண்ணிக்கொண்டாள். கீழ் மதகில் வாத்து ஏன் குறைந்தது என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அக்கா நிலையத்துக்கு வந்தாள். அக்காவும் அவள் கணவரான மாமாவும் வீட்டுக்குப் பின்னால் எட்டு சிமெண்ட் தொட்டி கட்டி மீன்குஞ்சு வளர்த்தார்கள். ஆழ்குழாயில் தண்ணீர் இறங்கிப்போய், வந்த கொஞ்சமும் கலங்கலாக வந்தது. பொரிந்த குஞ்சுகள் தொட்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கீழ் மதகிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவரலாம் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"பச்சைப் பலகை வச்சிருக்கிறதைப் பாத்தேன்" என்றாள் அக்கா, குடையை மடக்கிக்கொண்டே. "பலகை சொல்றதெல்லாம் எனக்கு வேண்டாம். நீ சொல்லு. விடலாமா?"

"புழு கிடையாதுக்கா. நானே மூணு சுற்று பாத்திருக்கேன்."

"குஞ்சு எல்லாம் பொரிஞ்சு பத்து நாள்தான்டி ஆகுது. இந்த வருஷம் இதுதான் எங்களுக்கு. யோசிச்சு சொல்லு."

"இரு. ஐயாவையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

அதிகாரி ஏதோ கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா வெளியே நிற்கிறாள், தொட்டியில் இருப்பது பத்து நாள் குஞ்சு, கீழ் மதகுத் தண்ணீர் விடலாமா என்று கேட்டாள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

"உன் நோட்டுல என்ன இருக்கு?"

"மூணு சுற்றும் ஒண்ணும் இல்லங்க ஐயா."

"அப்புறம் என்ன? உன் நோட்டைவிட நான் பெரிய ஆளா?" என்று சிரித்தார்.

அவளும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து அக்காவிடம், "தைரியமா விடு" என்றாள்.

தண்ணீர் விட்டது ஒரு புதன்கிழமை. சனிக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "நீ வா" என்று மட்டும் சொன்னாள்.

எட்டுத் தொட்டியிலும் மேலே ஒரு சாம்பல் படலம் மிதந்தது. கிட்டப் போனால்தான் அது குஞ்சுகள் என்று தெரிந்தது. உயிரோடிருந்த சில, நேராக நீந்த முடியாமல் திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி அடிக்குப் போய்க்கொண்டிருந்தன. அக்கா சல்லடை வலையால் அள்ளி வாளியில் கொட்டினாள். ஒரு தொட்டி முடித்து அடுத்ததற்குப் போனாள். அழவில்லை. பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து நின்றார்.

"வாங்க விஞ்ஞானி. எண்ணுங்க. உங்களுக்குத்தான் நல்லா எண்ண வருமே."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. பிறகு தங்கையைப் பார்க்காமலே கேட்டாள். "புழு இல்லன்னியேடி."

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அப்ப இது என்ன?"

நத்தையம்மா தொட்டியருகே குனிந்தாள். ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வழியில் கீழ் மதகில் இறங்கி இன்னொரு பாட்டில் பிடித்தாள். திங்கள்கிழமை மேல் குளத்து நத்தைகளை விளக்கின்கீழ் வைத்துக் கவட்டைவால்களை எடுத்தாள். மூன்று டம்ளர் வைத்தாள். முதல் டம்ளரில் மேல் குளத்துத் தண்ணீர், இரண்டாவதில் கீழ் மதகுத் தண்ணீர், மூன்றாவதில் இரண்டும் பாதிப் பாதி. ஒவ்வொன்றிலும் ஐம்பது புழுக்களை விட்டு, கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கீழ் மதகுத் தண்ணீரில் ஐந்தாவது நிமிடம் ஏறுவது நின்றது. கால் மணி நேரத்தில் ஐம்பதும் அடியில் மாவு மாதிரி படிந்துகிடந்தன. பாதிப் பாதித் தண்ணீரில் ஒரு மணி நேரம் தாங்கின. மேல் குளத்துத் தண்ணீரில் மறுநாள் காலையிலும் சில நீந்திக்கொண்டிருந்தன. கை தவறியிருக்குமோ என்று செவ்வாய், புதன் இரண்டு நாளும் திரும்பச் செய்தாள். அதே நேரம், அதே முடிவு. அக்காவின் தொட்டித் தண்ணீரிலும் விட்டுப் பார்த்தாள், அதிலும் அப்படித்தான்.

புதன்கிழமை மதியம் அவள் சாப்பிடவில்லை. டம்ளர்களுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். தண்ணீர் நல்லதாக ஆனதால் புழு போகவில்லை. தண்ணீர் கெட்டதால்தான் போனது. நத்தைக்கு ஓடு உண்டு, மூடி உண்டு. உரம் கரைந்த தண்ணீரில் வளரும் பாசியைத் தின்று அது கொழுத்தது. தோல்கூட இல்லாத புழுக்குஞ்சு, முட்டையிலிருந்து நத்தையைத் தேடிப் போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் செத்துவிட்டது. வாத்தும் போய்விட்டது. தவளைச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. வாத்து, நத்தை, தண்ணீர் மூன்றும் நன்றாக இருந்தால்தான் கவட்டைவால் இருக்க முடியும். இருபத்திரண்டு வருடங்களாக அவள் எண்ணிக்கொண்டிருந்தது அதைத்தான். அது குறையக் குறைய அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போதும் அவள் தன்னைத்தான் நொந்துகொண்டாள். வேறு யார்மேலும் சந்தேகம் வரவில்லை. மறுநாள் காலை டிரைவர் ஜீப்பில் தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணா, காலையிலயே?"

"வேற எங்க? ஐயா வீட்டுத் தொட்டி மீனுக்குத் தண்ணி மாத்தணும். மேல் குளத்துக்குப் போகணும்."

"மேல் குளமா? கீழ் மதகு பக்கம்தானே. அங்கதானே எப்பவும் பிடிப்பீங்க?"

"அது போன வருஷம்வரைக்கும். இப்ப அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு உத்தரவு. மகாராணி மீனு, கீழ்த் தண்ணி ஒத்துக்காதாம். எனக்கு மட்டும் அந்தத் தண்ணியிலதான் ஜீப் கழுவணும். நான் என்ன மீனா?"

டிரைவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அவள் கொட்டகையின் தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி வந்ததும் அறைக்குள் போனாள். உட்காரவில்லை.

"ஐயா, வீட்டுல மீனு எல்லாம் நல்லா இருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உக்காரும்மா."

"பரவாயில்லங்க."

"போன வருஷம் நாலு மீன் செத்துப்போச்சு. சந்தேகமா இருந்துச்சு. ஒரு பாட்டில் தண்ணியை வெளியூருக்கு அனுப்பிப் பாத்தேன். மருந்துன்னு வந்துச்சு. வயல்ல அடிக்கிற பூச்சிமருந்து, களைக்கொல்லி, எல்லாம் கலந்து."

"எழுதினீங்களா?"

"எங்க எழுதறது? நம்ம படிவத்துல புழுவுக்குத்தான் கட்டம் இருக்கு. மருந்துக்குக் கட்டமே கிடையாதே."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே ஐயா."

அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி போட்டார். "சொன்னா நீ நோட்டுல எழுதிடுவே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

 அவள் மேசைக்கு ஓரடி கிட்டே வந்தாள். "அன்னிக்கு அக்கா வெளிய நிக்கிறாங்கன்னு வந்து கேட்டேன். பத்து நாள் குஞ்சுன்னு சொன்னேன்."

"நான் விடச் சொல்லலியேம்மா. உன் நோட்டுல என்ன இருக்குன்னுதானே கேட்டேன்?"

உண்மைதான். அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அவள் வாயாலேயே சொல்லவைத்திருந்தார். பதினான்கு வருடங்கள் அவள் எண்ணியதைத் திரும்ப எண்ணாமல் இருந்தவர், கடைசி மூன்று சுற்றும் எப்படி வரும் என்று எண்ணுவதற்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தார். நான்கு மணி நேரம் விளக்கெரித்து அவள் தேடியபோது பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"பலகையை எடுத்தா ஏன் எடுத்தோம்னு கேப்பாங்க" என்று அவர் சமாதானக் குரலில் சொன்னார். "அரிப்பு போயிடுச்சுன்னு வேலை செய்றவங்களும் நிம்மதியா இருக்காங்க. எதுக்குக் கிளறணும்?"

அவள் தன் மேசைக்கு வந்து நோட்டைத் திறந்தாள். மூன்றாவது சுற்றுக்கு எதிரே குறிப்பு எழுதும் இடத்தில் இப்படி எழுதினாள்: கீழ் மதகுத் தண்ணீரில் மேல் குளத்துக் கவட்டைவால் கால் மணி நேரத்தில் சாகிறது. மூன்று நாள் பார்த்தேன். தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். அதிகாரி மேலிடத்துக்கு அனுப்பிய அந்த மாத அறிக்கையின் நகல் அலமாரிக்கு வந்தபோது எடுத்துப் பார்த்தாள். எண்கள் எல்லாம் அவள் எழுதியவைதான். குறிப்பு எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அடுத்த மாதம் சோதனையை மறுபடி செய்து மறுபடி எழுதினாள். அறிக்கையில் மறுபடியும் வெறுமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் கீழ் மதகில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். "தண்ணியில மருந்து கலந்திருக்கு. வாயில படவிடாதீங்க."

"அட போங்க நத்தையம்மா. புழு இருந்தப்பவும் இறங்காதன்னீங்க. புழு போனப்புறமும் இறங்காதன்னா நாங்க எங்கதான் போறது?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். "பலகை வச்சதே நீங்கதானே!" என்றாள் இன்னொருத்தி.

அக்காவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லியிருந்தாள். டிரைவர் சொன்னது, கதவைச் சாத்தியது, மருந்துக்குக் கட்டம் இல்லாதது, எல்லாம். அக்கா காலித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் தேங்காய் நாரைக் கீழே போட்டாள்.

"அவரு உன்னை நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாரு. சரி. எனக்குச் சொன்னது யாரு?"

"நான்தான்க்கா."

"ம்" என்றாள் அக்கா. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு வராதே என்று சொல்லவில்லை. பேச்சு எப்போதும்போல இருந்தது. தண்ணீர் என்ற சொல் வந்தால் மட்டும் வேறு எதற்காவது மாறிவிடும்.

நான்கு மாதம் கழித்து அவர்கள் மறுபடி குஞ்சு பொரிக்கவைத்தார்கள். மேல் குளத்திலிருந்து லாரியில் தண்ணீர் வந்து இறங்கியது. தகவல் கேள்விப்பட்டதும் நத்தையம்மா முதல் நாளே மேல் குளத்துக்குப் போய் லாரி பிடிக்கும் இடத்திலேயே தண்ணீர் எடுத்துச் சோதித்திருந்தாள். புழுக்கள் விடியும்வரை நீந்தின. அதைச் சொல்லத்தான் காலையிலேயே கிளம்பி வந்தாள்.

அக்கா பின்கட்டில் ஒரு வெள்ளை வாளிக்கு முன்னால் மணையில் உட்கார்ந்திருந்தாள். லாரித் தண்ணீர் வாளியில் முக்கால்வரை இருந்தது. அதில் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன.

"பத்து விட்டிருக்கேன்" என்றாள் அக்கா. "நேத்து மத்தியானம் விட்டேன். இன்னிக்கு மத்தியானம்வரைக்கும் பாத்துட்டு அப்புறம் தொட்டிக்கு விடலாம்னு."

"அக்கா, அந்தத் தண்ணியை நான் நேத்தே..."

"நீ ஒண்ணும் சொல்லாத." கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு மணையைக் காலால் தள்ளிக் கொடுத்தாள். "உக்காரு. டீ போடச் சொல்றேன்."

அவள் உட்கார்ந்தாள். டீ வந்தது. இரண்டு பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகளுக்குப் பல்வலி, தையற்கடைக்கு வந்த புது மெஷின் என்று பேச்சு அங்கங்கே போய் வந்தது. பன்னிரண்டு மணி ஆனதும் அக்கா குனிந்து ஆட்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து எண்ணினாள். குஞ்சுகள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒன்பது வந்தது. முகம் மாறியது. மறுபடி எண்ணினாள். பதினொன்று வந்தது.

நத்தையம்மா குனியாமலே எண்ணி முடித்திருந்தாள். டம்ளரைக் கையில் பிடித்தபடி பேசாமல் இருந்தாள்.

அக்கா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள்.